வெள்ளிக்கிழமைத் தண்ணீர்

தண்ணீர்க்காரர் சென்றாயன், ஓட்டல் கங்கப்பனுக்கு அறுநூற்று இருபது ரூபாய் கடன்பட்டிருந்தார். சூதாடித் தோற்ற பணம் இல்லை. குடித்துத் தீர்த்த பணமும் இல்லை. ஊருக்குத் தண்ணீர் விடப் போய் வந்த கடன். அப்படியொரு கௌரவமான கடன் அன்றைக்கு ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வரைக்கும் வேறு யார் தலையிலும் இருந்ததில்லை.

எண்பத்து மூன்றாம் வருடம், மழை பொய்த்துப் போன கோடை. கல்லுசந்திரம் ஊருக்குத் தண்ணீர் கொடுக்கிற ஆழ்துளைப் போரில் மட்டம் இறங்கிக்கொண்டே போனது. ஒருநாள் காலையில் மோட்டாரைப் போட்டுவிட்டு, பஸ் நிறுத்தத்தில் இருந்த கங்கப்பன் ஓட்டலுக்கு டீ குடிக்கப் போனார் சென்றாயன். அங்கே இட்லி தின்றுகொண்டிருந்த கர்நாடகத்து லாரிக்காரர் ஒருவர் சும்மா இருக்கமாட்டாமல், "மோட்டார் ஒண்டியா ஓடுதே, பயம் இல்லவா?" என்று கேட்டுவிட்டார்.

"பயமா? பத்து மைல் தூரத்துல இருந்தாலும் என் மோட்டார் சத்தம் என் காதுல வுழும். தண்ணி கொறஞ்சா அதுவே 'அண்ணா'ன்னு என்னக் கூப்புடும்!" என்றார் சென்றாயன். சொன்ன கையோடு இரண்டாவது டீக்கும் சொன்னார்.

டீ வருவதற்குள் காற்றில் ஒரு கருகல் வாடை வந்தது. முதலில் மூக்கைச் சுளித்தவர் கங்கப்பன்.

"ஏம்பா சென்றாயா, உன் மோட்டார் கூப்புடுது பாரு. சத்தமா வரல, நாத்தமா வருது."

தண்ணீர் இல்லாமல் வெறும் காற்றை இழுத்து ஓடிய மோட்டாரில் காயில் சுருள் எரிந்து போயிருந்தது. பஞ்சாயத்தில் உட்கார்ந்து பேசினார்கள். பார்த்துக்கொள்ள வேண்டியவன் டீக்கடையில் இருந்தால் யார் பொறுப்பு என்றார்கள். குழாய்களைத் தூக்குகிற கூலி, ஓசூரில் வைண்டிங் கட்டுகிற கூலி எல்லாம் அறுநூற்று இருபது. சாயங்காலத்துக்குள் அதைக் கட்டு, இல்லாவிட்டால் மோட்டார் ரூம் சாவியை வை என்றார்கள். சென்றாயனுக்குச் சம்பளமே மாதம் நூற்றைம்பது. கங்கப்பன்தான் கல்லாவைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். "உனுக்காவ இல்லப்பா. தண்ணி வரலைன்னா நாளைக்கு நான் மாவு எதுல கரைக்கறது?" என்றார்.

வட்டி கேட்கவில்லை, அதற்குப் பதில் நாக்கால் வசூலித்துக்கொண்டார். சென்றாயன் ஓட்டலில் கால் வைத்தால் போதும், அடுப்படிப் பக்கம் திரும்பி, "அறநூத்தி இருவது ரூவாய்க்கு ஒரு தோச!" என்று கூவுவார். ஷிப்டு முடிந்து வந்த பக்கத்து ஃபேக்டரி ஆட்களெல்லாம் கெக்கெக்கே என்று சிரிப்பார்கள். இப்படியே ஒன்றரை வருடம் போனது.

சென்றாயன் சாமான்யப்பட்ட ஆள் இல்லை. பிறந்தது சாமல்பட்டி. அப்பன் கூலிக்குக் களை எடுத்தவன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. வாத்தியார் போதும் என்றாரா, அவரே போதும் என்று வந்தாரா என்பதில் இரண்டு கட்சி உண்டு. இருபத்து நாலு வயதில் போர் போடுகிற ரிக் வண்டியில் ராடு தூக்கச் சேர்ந்தார். ஊத்தங்கரையில் ஆரம்பித்து பேரிகை வரைக்கும் அவர் கை படாத பாறை கிடையாது. எழுபத்தெட்டில் அந்த வண்டி கல்லுசந்திரம் வந்தது. நூற்று நாற்பது அடியில் வெறும் கல் தூள்தான் பறந்தது. காண்ட்ராக்டர், "தூக்குங்கடா வண்டிய" என்றார். சென்றாயன் ஒரு சிட்டிகைத் தூளை நாக்கில் வைத்துப் பார்த்து, "இன்னும் இருவத்தஞ்சு அடி. தண்ணி வரலைன்னா என் கூலிய வெட்டிக்கோங்க" என்றார். நூற்று அறுபத்து மூன்றாவது அடியில் தண்ணீர் தென்னை உயரத்துக்குப் பீய்ச்சி அடித்தது. பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

தண்ணீர் கண்டவனே தண்ணீர் விடட்டும் என்று ஊர் சொன்னது. ரிக் வண்டி போய்விட்டது, சென்றாயன் தங்கிவிட்டார். ஃபேக்டரி கேன்டீனில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த முனிலட்சுமியைக் கட்டிக்கொண்டு, மேல்நிலைத் தொட்டிக்கு அடியிலேயே குடிசை போட்டார். முப்பதாயிரம் லிட்டர் தொட்டி. மேலே ஏற ஐம்பத்து நாலு இரும்புப் படி.

அந்தத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. எவ்வளவு, எப்படி என்று அச்சடித்த தாள் ஒன்றும் வந்தது. எழுத்துக் கூட்டினால் அவர் படித்துவிடக்கூடிய தாள்தான். ஆனால் கல் தூளை நக்கியே தண்ணீர் கண்டவனுக்குத் தாள் எதற்கு? அதை மடித்து மோட்டார் ரூமில் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு, தன் புத்திக்கு ஒரு முறை வகுத்தார். வாரத்துக்கு இரண்டு கிலோ என்று வாய்ச்சொல்லாகத் தெரியும். ஏழு நாள் ஏழு தடவை ஐம்பத்து நாலு படி ஏறுகிறவன் மடையன். திங்கட்கிழமை ஒரே ஏற்றம். இரண்டு கிலோவையும் கரைக்காமல் கொள்ளாமல் மொத்தமாகக் கொட்டிவிட்டு இறங்கினால், வாரம் பூராவும் நிம்மதி.

திங்கட்கிழமைத் தண்ணீர் கண்ணைக் கரிக்கும். பால்கார வெள்ளையம்மாவின் எருமைகூட வாய் வைக்காது. அன்றைக்கு ஊர் முழுக்கத் துணி துவைக்கிற நாள். அடியில் கட்டியாகக் கிடந்த பவுடர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, செவ்வாய், புதன் என்று வாடை குறைந்துகொண்டே வரும். வெள்ளிக்கிழமை ஒரு பொட்டு வாடை இருக்காது. இளநீர் மாதிரி இருக்கும்.

அப்படித்தான் கல்லுசந்திரத்தில் வெள்ளிக்கிழமைத் தண்ணீர் பிறந்தது. வெள்ளிக்கிழமை விடிந்தால் குழாயடியில் பித்தளைக் குடமும் மண் குடமுமாகத் திருவிழாக் கூட்டம். அம்மன் நாள், அதனால்தான் தண்ணீர் இனிக்கிறது என்றார்கள். அன்றைக்குப் பிடித்து வைத்ததை அடுத்த வியாழன் வரைக்கும் குடித்தார்கள். பருப்புக்கும் அதுதான், குழந்தைக்கு மருந்து உரைக்கவும் அதுதான். கங்கப்பன் ஓட்டலுக்குப் பின்னால் சிமெண்டுத் தொட்டியே கட்டிவிட்டார். வாசலில் சாக்குக்கட்டியால், 'இங்கு வெள்ளிக்கிழமை தண்ணியில் காபி' என்று எழுதி வைத்தார். சென்றாயனுக்கும் பெருமை பிடிபடவில்லை. "மருந்து என் கைல, ருசி அம்மன் கைல" என்று சந்தைக்குச் சந்தை சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஊரில் ஒரே ஒரு தொல்லை. சனிக்கிழமையானால் பலருக்கு வயிற்றால் போகும். ஃபேக்டரியில் சனிக்கிழமைதோறும் பாதி மிஷின் சும்மா நிற்கும். உயிருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் சொம்பும் கையுமாக ஓடுகிறவனுக்கு அது தெரியுமா?

"எல்லாம் அந்தத் திங்கக்கெழம மருந்து. வயித்துக்குள்ள தங்கி, அஞ்சு நாள் கழிச்சு வேலையக் காட்டுது" என்று கங்கப்பன் கண்டுபிடித்தார். ஊர் தலையாட்டியது. எண்பத்தைந்து பொங்கல் முடிந்த வாரம், கங்கப்பன் சென்றாயனைக் கல்லா அருகே கூப்பிட்டார்.

"சென்றாயா, ஒண்ணு சொல்றேன் கேளு. நீ பவுடர் போடறத நிறுத்திடு. தெனமும் வெள்ளிக்கெழமையா இருக்கட்டும். உன் கடன் அறநூத்தி இருவதையும் இப்பவே தள்ளிடறேன்."

சென்றாயன் மனக்கணக்குப் போட்டார். நாலு மாதச் சம்பளம்! தோசைக்கு இனிமேல் யாரும் விலை கூவமாட்டார்கள். "யோசிச்சு சொல்றேண்ணா" என்று எழுந்தார்.

யோசித்து முடிப்பதற்குள் ஹெல்த் இன்ஸ்பெக்டர் நல்லுசாமி வந்து சேர்ந்தார். ஈரோட்டுப் பக்கத்து ஆள். ஒல்லி, அடக்கமான குரல். சனிக்கிழமைப் பேதிச் செய்தி எங்கோ மேலே போய், அங்கிருந்து அவரை அனுப்பியிருந்தார்கள். வந்த நாள் திங்கட்கிழமை. கையில் ஒரு மரப்பெட்டி. அதில் கண்ணாடிக் குழல்கள், சொட்டு மருந்து ஒரு குப்பி.

பஸ் நிறுத்தத்துக் குழாயடியில் ஊரே கூடியது. நல்லுசாமி குழாய்த் தண்ணீரை ஒரு குழலில் பிடித்து இரண்டு சொட்டு விட்டார். தண்ணீர் சாமந்திப்பூ மாதிரி பளிச்சென்று மஞ்சளாகிவிட்டது.

"அய்யய்யோ, தண்ணிக்கே மஞ்சக்காமால!" என்று கத்தினாள் வெள்ளையம்மா.

கங்கப்பன் விடுவாரா? ஓடிப்போய்த் தன் தொட்டியிலிருந்து ஒரு தம்ளர் வெள்ளிக்கிழமைத் தண்ணீர் கொண்டுவந்தார். அதே இரண்டு சொட்டு. தண்ணீர் அசையவில்லை, பளிங்கு மாதிரி நின்றது. கூட்டம் கைதட்டியது. நடுவில் நின்ற நல்லுசாமி, "ஏனுங், இருங், நான் சொல்றதக் கேளுங், மஞ்சள் வந்தா நல்லதுங்" என்று எதையோ சொன்னார். விசில் சத்தத்தில் அது யார் காதிலும் ஏறவில்லை.

கங்கப்பன் சென்றாயன் பக்கம் திரும்பி, ஊர் கேட்கும்படியாகச் சொன்னார். "பாத்தியாப்பா, நீ போடற விஷத்த? உகாதிக்குள்ள பவுடர நிறுத்து, இல்ல என் பணத்த வை. ரெண்டும் ஆவாதுன்னா, சாவிய என் மச்சான் கைல குடுக்கச் சொல்லிப் பஞ்சாயத்துல பேசறேன். சும்மா பேசுவேன்னு நெனைக்காத."

சென்றாயன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தார். நல்லுசாமி பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே மோட்டார் ரூமுக்கு வந்தார். முனிலட்சுமி இரண்டு தம்ளர் டீ வைத்தாள்.

"மனசு வுட்றாதீங். மஞ்சள் வந்தா, மருந்து இன்னும் தண்ணியில முழிச்சிருக்குதுன்னு அர்த்தமுங். வெள்ளையா நின்னா மருந்தே இல்லீங். அந்த ஓட்டல்காரர் தண்ணியிலதான் பூச்சி குடித்தனம் நடத்துது" என்றார் நல்லுசாமி.

"அதெப்படி சார்? என் போர்த் தண்ணில பூச்சியா? நூத்தி அறுவத்தி மூணு அடிலருந்து வருது!"

"உங்க போர் தங்கமுங். போர்ல இருந்து வர்றப்ப சுத்தம்தான். தொட்டியில ஏறி, குழாயில எறங்கி, தெருத்தெருவா வர்றப்ப எங்கயாச்சும் ஓட்டை இருந்தா சாக்கடைய உறிஞ்சிக்குமுங். அதுக்குத்தான் மருந்து கூடவே காவலுக்கு வரோணும். ஆமா, இன்னைக்கு ஏனுங் இத்தன கெட்டி மஞ்சள்? எவ்வளவு போட்டீங்?"

சென்றாயன் நெஞ்சை நிமிர்த்தித் தன் முறையைச் சொன்னார். ஒரே ஏற்றம், ரெண்டு கிலோ, வாரம் பூராவும் நிம்மதி. நல்லுசாமி டீயைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏனுங், நீங்க சம்பளத்த ஒண்ணாந்தேதியே பூராத் தின்னுபோட்டு, மீதி நாளெல்லாம் பட்டினி கெடப்பீங்ளா?"

முனிலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சென்றாயனுக்கு முகம் சுருங்கியது. அம்மன் கை ருசி என்று இவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த வெள்ளிக்கிழமை, மருந்துக் காவல்காரன் இல்லாத நாள். அந்த நாளை உண்டாக்கியதே இவருடைய சோம்பல். எழுந்து போய், சாமி படத்துக்குப் பின்னாலிருந்து அந்தத் தாளை உருவி, எழுத்துக் கூட்டிப் படித்தார். 'தினமும்' என்ற சொல் முதல் வரியிலேயே இருந்தது.

இந்த இடத்தில் வேறொருவனாக இருந்தால் கடனைத் தள்ளிக்கொண்டு கம்மென்று இருந்திருப்பான். பவுடரை நிறுத்தினால் கங்கப்பனுக்குச் சந்தோஷம், ஊருக்குச் சந்தோஷம், கேட்க ஆளில்லை. சென்றாயன் அப்படிப்பட்டவர் இல்லை. தாளைத் தட்டி நிமிர்த்தினார்.

"சார், அந்தச் சொட்டு மருந்துல எனக்கு ஒரு குப்பி வேணும். உகாதிக்குள்ள இந்த ஊரையே மஞ்சளாக்கிக் காட்டறேன்."

"கெட்டியா ஆக்கிப்போடாதீங். எலுமிச்சம்பழத் தோலு நெறம் போதுமுங்" என்றார் நல்லுசாமி. குப்பியையும் இரண்டு குழலையும் கொடுத்துவிட்டு, சொட்டு விட்ட தண்ணீரை யாரும் குடிக்கக் கூடாது என்றும் சொல்லிப் போனார்.

மறுநாளிலிருந்து காலையில் ஒரு ஏற்றம், சாயங்காலம் ஒரு ஏற்றம். அளவுக்கு முனிலட்சுமியின் அரிசி ஆழாக்கை எடுத்துக்கொண்டார். ஒரு ஆழாக்குப் பவுடரை வாளித் தண்ணீரில் கரைத்து, அதிலுள்ள சுண்ணாம்பு அடியில் தங்கும்வரை காத்திருந்து, மேல் தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்றினார்.

"லட்சுமிய அளக்கற ஆழாக்குல நாத்தத்த அளக்கறியா மனுசா?" என்று அடுப்படியிலிருந்து சத்தம் வந்தது.

"அரிசி அளந்தா நம்ம ரெண்டு பேர் வயிறு. இத அளந்தா ஊர் வயிறு. எது பெரிசு?"

"பெரிய வயிறே இனிமே சோறும் போடட்டும்" என்றாள் முனிலட்சுமி. சந்தையில் புது ஆழாக்கு வாங்கி, அதன் காசையும் அவரிடமே வசூலித்துக்கொண்டாள்.

இப்போது எல்லா நாளும் லேசாக வாடை அடித்தது. வந்தது வெள்ளிக்கிழமை. குடங்களோடு கூடிய பெண்கள் முதல் வாய் குடித்ததும் முகத்தைச் சுளித்தார்கள். வெள்ளிக்கிழமையைக் காணோம்!

"வெள்ளிக்கெழமையக் கொன்னுட்டியே பாவி! இனிமே குடிக்கத் தண்ணிக்கு எங்க போவோம்?" என்று மாரியம்மன் கோயில் தெருக் குழாயடியில் வெள்ளையம்மா அவரைப் பிடித்துக்கொண்டாள். பத்துப் பதினைந்து பேர் சுற்றி வளைத்தார்கள். சென்றாயன் குழலை எடுத்துத் தண்ணீர் பிடித்து இரண்டு சொட்டு விட்டார். எலுமிச்சை நிறம் வந்தது.

"பாருங்கடி, மறுபடியும் காமால!"

"யக்கா, ஒண்ணு கேக்கறேன். உன் பொண்ணு வயசுக்கு வந்தப்போ தலைக்கு என்ன தண்ணி ஊத்துன?"

"இதென்னா கேள்வி? மஞ்சத் தண்ணிதான்."

"இந்தா நிக்கறாளே மாரியாத்தா, அவளுக்குத் திருவிழாவுல?"

"மஞ்சத் தண்ணி."

"ஒடம்புல அம்மை எறங்குனா?"

"மஞ்சளும் வேப்பிலையும்."

"தாலிக் கயிறு?"

வெள்ளையம்மா தன்னையறியாமல் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"அத்தன எடத்துலயும் காவலா நிக்கற மஞ்ச, கொழாய்ல வந்தா மட்டும் காமாலையா? மருந்து முழிச்சிட்டு இருக்குதுன்னு அடையாளம்க்கா இது. வெள்ளையா நின்னா காவக்காரன் தூங்கறான். இத்தன நாள் நீங்க குடிச்ச வெள்ளிக்கெழமத் தண்ணி, காவக்காரன் தூங்கற தண்ணி. தூங்க வெச்சவன் நான்தான். ஒத்துக்கறேன். ரெண்டு வாரம் குடிச்சுப் பாருங்க. சனிக்கெழம சொம்பத் தூக்கிட்டு யாராவது ஓடுனா, நானே சாவியக் கொண்டாந்து உங்க காலடில வெக்கறேன்."

வெள்ளையம்மா தன் குடத்தை முன்னால் நகர்த்தினாள்.

"எங்க, என் கொடத்துத் தண்ணில மஞ்ச வருதா பாரு."

வந்தது. அடுத்தவள் தன் குடத்தை நீட்டினாள். அதற்கடுத்தவள், "அவளுதுல நல்லா வந்திச்சே, என்துல ஏன் கம்மி?" என்று சண்டைக்கு வந்தாள். படித்த இன்ஸ்பெக்டரால் ஊர் நடுவில் நின்று சொல்லியும் ஏற்ற முடியாததை, மூன்றாம் வகுப்புக்காரர் நாலு கேள்வியில் ஏற்றிவிட்டார். இரண்டு சனிக்கிழமை போயிற்று. கோயில் தெருவில் ஒரு சொம்பும் ஓடவில்லை.

ஆனால் குட்டை மேட்டுத் தெருவிலிருந்து புகார் வந்தது. "எங்க கொழாய்க்கு மட்டும் ஏன் மஞ்ச வரல? நாங்க என்னா மட்டமா?" சென்றாயன் குழலோடு கிளம்பி, குழாய் குழாயாகச் சொட்டு விட்டுக்கொண்டே நடந்தார். பஸ் நிறுத்தத்துக்கு முன்னால் வரை மஞ்சள் இருந்தது, பின்னால் இல்லை. நடுவில் இருந்தது கங்கப்பன் ஓட்டலின் கழிவுநீர்க் கால்வாய். தோண்டிப் பார்த்தால், கால்வாய்க்கு அடியில் குழாய் விரிசல் விட்டு வாயைப் பிளந்திருந்தது. தண்ணீர் விடாத நேரத்தில் ஓட்டல் சாக்கடை அதற்குள் ஓடி, மறுபடி ஓட்டல் தொட்டிக்கே போய்க்கொண்டிருந்தது. திங்கட்கிழமை மருந்தின் வேகத்தில் பூச்சி அடங்கிக் கிடந்தது. வெள்ளிக்கிழமை தலை தூக்கியது.

குழாயை மாற்றிவிட்டு கங்கப்பனிடம் போய்ச் சொன்னார்.

"ஏம்பா, என் சாக்கடையே என் காபிக்கு வருதுன்னு சொல்றியா? கடனத் திருப்பிக் குடுக்கத் துப்பில்லாதவன் கத கட்டறான்" என்று கங்கப்பன் சிடுசிடுத்தார். "மஞ்சத் தண்ணி எனுக்கு வேணாம். நான் ஊர்க் கெணத்துத் தண்ணியக் கொண்டாந்துக்கறேன். நீ உகாதியப் பாத்துக்கோ. இன்னும் நாப்பது நாள்."

ஊர்க் கிணறு என்பது நாலு பக்கமும் திறந்து கிடந்த பழைய கிணறு. அதன் தண்ணீர் தள்ளுவண்டியில் பீப்பாய் பீப்பாயாக ஓட்டலுக்கு வந்தது.

இந்த நாற்பது நாளில்தான் சென்றாயன் இன்னொரு தண்ணீரைக் கண்டார். ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் ஃபோர்மேன் வீட்டு ஜோதியம்மாள் அவரைக் கூப்பிட்டனுப்பினாள். "தெருக் குழாயில் மஞ்சள் வருது, எங்க வீட்டுத் தொட்டியில வரமாட்டேங்குதே, ஏங்க?" என்று கேட்டாள். இவர் தொட்டிக்குள் இறங்கினார். முழங்கால் அளவு சேறு, இரண்டு தவளை. அள்ளி எடுத்து, தேய்த்துக் கழுவி, மருந்து ஊற்றி, சொட்டு விட்டுக் காட்டினார். மஞ்சள் வந்தது. ஜோதியம்மாள் பத்து ரூபாய்த் தாளை நீட்டினாள். அவ்வளவுதான், அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு, பின் வரிசை. தினமும் காலையில் ஊருக்குத் தண்ணீர் விட்டு முடித்ததும், துடைப்பமும் வாளியுமாகக் கிளம்பிவிடுவார். இந்த வட்டாரத்தில் தண்ணீர்த் தொட்டி கழுவுவதை ஒரு தொழில் ஆக்கிய முதல் ஆள் அவர்தான். பின்னால் நாலு பேர் கிளம்பினார்கள், அது வேறு. முனிலட்சுமி பழைய பால்பவுடர் டப்பாவில் பணத்தைப் போட்டு, மூடி மேல் உட்காராத குறையாகக் காவல் காத்தாள்.

ஐம்பத்து மூன்று தொட்டி. ஐந்நூற்று முப்பது ரூபாய். முனிலட்சுமி சீட்டு எடுத்து எண்பது போட்டாள். "கடனா வெச்சுக்கோ. வட்டியெல்லாம் வேணாம், ஆனா நானும் தோசைக்குக் கூவுவேன்" என்றாள். ஆக அறுநூற்றுப் பத்து. உகாதிக்கு ஐந்தே நாள். குவார்ட்டர்ஸில் கழுவாத தொட்டி ஒன்றுகூட மிச்சமில்லை. பத்து ரூபாய் இடித்தது.

அதற்குள் கங்கப்பன் ஓட்டலில் வேறு இடி விழுந்தது. காலை ஷிப்டு முடிந்து வந்த ஃபேக்டரி லேத் பட்டறைக் கோவிந்தன் இலையில் உட்கார்ந்ததும், "கங்கப்பண்ணா, மொதல்ல மஞ்ச காட்டு. அப்பறம் இட்லி போடு" என்றான்.

"இது கெணத்துத் தண்ணிடா, ருசியப் பாரு. சென்னாகிதே!" என்று கன்னடத்தில் மெச்சிக்கொண்டார் கங்கப்பன்.

"ருசி சென்னாகித்தான் இருக்குது. வயிறுதான் சென்னாக இல்ல. எங்க லைன்ல இப்ப பேதியாவறவன் எல்லாம் உங்கூட்டு கஸ்டமர்தாண்ணா. கணக்கு எடுத்துட்டோம்."

அவனே ஓடிப்போய்ச் சென்றாயனைக் குழலோடு இழுத்து வந்தான். இரண்டு சொட்டு. பளிங்கு. போன தடவை கைதட்டின அதே பளிங்கு. இந்தத் தடவை இலை இலையாக எழுந்து போனார்கள். மூன்று நாள் மாவு பொங்கிப் புளித்து வாய்க்காலுக்குப் போனது. முழுவதையும் கொட்ட மனமில்லாமல் கங்கப்பனே மூன்று நாளும் தன்னால் முடிந்த மட்டும் தின்று, அந்தக் கிணற்றுத் தண்ணீரையே குடித்தார். சனிக்கிழமை கல்லாவில் ஆளைக் காணோம். கொல்லைப் பக்கம் போனவர் திரும்பி வந்து உட்காருவதற்குள் மறுபடி எழுந்து ஓடினார்.

உகாதிக்கு முதல்நாள், காலை பத்து மணிக்கு, இடுப்பு வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கங்கப்பன் மோட்டார் ரூமுக்கு வந்து நின்றார். முகம் வாழைத்தண்டு மாதிரி வெளுத்திருந்தது.

"சென்றாயா... என் தொட்டிய ஒரு தரம் பாக்கறியாப்பா?"

"பாக்கலாம்ணா. தொட்டிக்குப் பத்து ரூவா."

"ஊர்ல எல்லாருக்கும் அதானா?"

"உனக்குப் பதினஞ்சு கேக்கணும். சாக்கடைய ரெண்டு வருசம் சேத்து வெச்சிருக்கற. பழக்கத்துக்காவ பத்து."

தொட்டிக்குள் இறங்கினார். வாளி வாளியாகச் சேறு வந்தது. அதோடு ஏழு கரண்டி, ஒரு டீ தம்ளர், ஒரு ரப்பர் செருப்பு. மேலே நின்று ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்த கங்கப்பன், செருப்பைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு மறுபடி கொல்லைப் பக்கம் ஓடினார். தேய்த்து, கழுவி, குழாயைத் திறந்து நிரப்பி, மருந்து ஊற்றி, அரை மணி கழித்துக் குழலை நீட்டினார் சென்றாயன். வாசலில் பஸ்ஸுக்கு நின்றவர்கள், ஷிப்டுக்குப் போகிறவர்கள், வெள்ளையம்மா எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். இரண்டு சொட்டு. எலுமிச்சை நிறம்.

"வந்துடுச்சுடா மஞ்ச!" என்று கோவிந்தன் கத்தினான். "ஏ, யாரங்க, எனக்கு நாலு இட்லி!"

கங்கப்பன் ஒரு பெருமூச்சு விட்டார். ஆனாலும் வியாபாரி வியாபாரிதான். "அந்தப் பத்து ரூவாயக் கடன்ல கழிச்சுக்கோப்பா. மீதி அறநூத்திப் பத்து. உகாதி முடிஞ்சே குடு. நான் யார்கிட்டயும் ஒண்ணும் பேசல, சாவி உன்கிட்டயே இருக்கட்டும்."

"அதெல்லாம் ஆவாது. கடன் வேற, கூலி வேற. நீ வெச்ச கெடு நாளைக்கு. என் கூலிய என் கைல குடு."

"என்னாப்பா, இந்தக் கைல வாங்கி அந்தக் கைல குடுக்கறதுக்கு..."

"குடுண்ணா."

கூட்டம் சிரித்தது. கங்கப்பன் கல்லாவைத் திறந்து ஒரு பத்து ரூபாய்த் தாளை எடுத்து நீட்டினார். சென்றாயன் அதை வாங்கிக் காதில் செருகிக்கொண்டு, கூட்டத்தில் தயாராக நின்ற முனிலட்சுமிக்குக் குரல் கொடுத்தார். அவள் முந்தானைக்குள் டப்பாவை அணைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"கைய நீட்டுண்ணா. நல்லா விரி."

கங்கப்பன் வேட்டியில் துடைத்துக்கொண்டு வலது கையை விரித்தார். சென்றாயன் ஊர் கேட்கும்படி எண்ணினார். பத்து, இருபது, முப்பது. தொட்டி ஈரத்தில் நனைந்து காய்ந்த தாள்கள் ஒவ்வொன்றாக அந்த உள்ளங்கையில் விழுந்தன. நூறு ஆனதும் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார் கங்கப்பன். இருநூறு. முந்நூறு. இலையில் உட்கார்ந்தவர்களும் கூடவே எண்ண ஆரம்பித்தார்கள். ஐந்நூற்று முப்பதுக்கு மேல் முனிலட்சுமியின் சீட்டுப் பணம், முடிச்சு அவிழ்ந்து வந்த கசங்கிய தாள்கள். அறுநூறு. அறுநூற்றுப் பத்து. டப்பா காலியானது. சென்றாயன் காதிலிருந்த தாளை எடுத்தார், இரண்டு கையாலும் நீவி நேராக்கினார், எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார்.

"அறநூத்தி இருவது."